சீழ் பிடிக்காத ரத்தம்

எங்கள் அத்தைக்கு ஒரு பெருமை உண்டு. அத்தை என்றால் என் அப்பாவின் அக்கா. அவர் மகனையே நான் கட்டிக்கொண்டதால் எனக்கு மாமியாரும் அவர்தான். காரமடைக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், பேச்சு எப்படியாவது காயம், புண், சர்க்கரை என்று திரும்பிவிட்டால் போதும், அத்தை அந்தப் பெருமையை எடுத்து வைத்துவிடுவார். "எங்கூட்டு ரத்தம் சுத்தமுங்க. அருவா பட்டாலும் நாலு நாள்ல காஞ்சுபோயிரும். சீழே புடிக்காதுங்க." அவர் குதிகாலில் வேலமுள் ஏறிச் சீழ் பிடித்து, நானே பிதுக்கி எடுத்திருக்கிறேன். அதெல்லாம் அவர் கணக்கில் வராது.

நான் சரவணம்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பல வருடமாக அதே நாற்காலி, அதே மைக்ராஸ்கோப். காலையில் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்து கையை நீட்டிக்கொண்டு, இன்னொரு கையில் போனைப் பார்ப்பார்கள். எண்ணுகிற வேலையை மெஷின் செய்துவிடும். மெஷினுக்குச் சந்தேகம் வந்தால் தாளில் ஒரு குறி போடும். அப்போது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் இழுத்து, சாயம் ஊற்றிக் கழுவி, கண்ணால் பார்த்து நான் எண்ண வேண்டும். வெள்ளணுக்களை எண்ணி எண்ணியே என் கண்ணாடி தடித்துப்போனது. அப்படிப்பட்டவள் வீட்டில்தான் இது நடந்தது. ஆகவே யாரையாவது திட்டுவதென்றால் முதலில் என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கும் மிச்சம் இருக்கிறது.

மகன் பிறந்தான். எனக்கு அம்மா இல்லை, அதனால் பிரசவம் பார்த்ததும், பத்தியச் சோறு போட்டதும் அத்தைதான். நன்றாகவே பார்த்துக்கொண்டார், அதை மறுக்கமாட்டேன். மூன்றாம் நாளே வெள்ளியில் ஒரு தாயத்து செய்து வாங்கி வந்துவிட்டார். பிள்ளையின் தொப்புள் கொடி காய்ந்து விழுந்ததும் அதை எடுத்து அந்தச் சின்னக் குழாய்க்குள் அடைத்து, அரைஞாண் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஏழு நாளில் விழும், சிலதுகளுக்குப் பத்து நாள் ஆகும்.

தினமும் காலையில் அத்தை கதவைத் திறந்துகொண்டு வந்து முதலில் கேட்பது ஒன்றுதான்.

"உழுந்துச்சா கண்ணு?"

"இன்னும் இல்லீங்க அத்தை."

பத்து நாள் போனது, பதினைந்து போனது, இருபதும் போனது. அவர் கேட்பதை நிறுத்தவில்லை. பேரனுக்குத் தாயத்து கட்டிப் பார்க்க அவ்வளவு ஆசை என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. மாமாவிடம், அதாவது என் கணவரிடம், "உங்கம்மாவுக்குப் பொறுமையே இல்லீங்க மாமா" என்று கேலிகூடப் பேசினேன். அவர் பம்பு செட்டுக்கு உதிரிப் பாகம் கடையும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். வேலை முடிந்து எண்ணெய்க் கையோடு வந்து, பிள்ளையைத் தொடாமல் எட்ட நின்று பார்த்துச் சிரிப்பார்.

ஒரு மாதம் ஆனபோதும் கொடி விழவில்லை. தொப்புளைச் சுற்றிச் சிவந்திருந்தது. ஊரில் பார்க்கும் குழந்தை மருத்துவர், "சில குழந்தைகளுக்கு லேட்டாகும்" என்று ஒரு பவுடரும் சொட்டு மருந்தும் எழுதினார். அத்தை சேலைத் தலைப்பால் பிள்ளையின் வயிற்றைத் துடைத்துவிட்டு, "பாருங்க, செவந்திருக்குது, ஒரு பொட்டுச் சீழ் இருக்குதா? அதானுங்க எங்கூட்டு ரத்தம்" என்றார். மருத்துவரும் தலையாட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். என் தொழிலே அதுதான், ஆனாலும் ஆட்டுகிற தலையோடு தலையாக நானும் ஆட்டினேன்.

மனசு கேட்காமல் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நானே லேபுக்குப் போனேன். மெஷின் குறி போட்டது. வெள்ளணுக்கள் இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தன. மறுபடி ஓட்டினேன், அதேதான் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் மூத்த டெக்னீசியன், கோட்டைமேட்டுக்காரர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், தாளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். "ஸ்லைடு போடும்மா, பார்த்துருவோம்" என்றார். இரண்டு பேருக்கும் ஒரே பயம், அந்தப் பெரிய வியாதி, ரத்தப் புற்று. ஸ்லைடில் அப்படி எதுவும் இல்லை. எல்லாம் முதிர்ந்த அணுக்கள், ஒழுங்கான உருவம். நியூட்ரோஃபில் என்போமே, காயத்துக்கு முதலில் ஓடிவரும் வகை, அதுதான் கண்ணாடி முழுக்க. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

"படை திரண்டு நிக்குதுங்கண்ணா" என்றேன்.

"எதுக்கும் பெரிய டாக்டர்கிட்ட காட்டிரும்மா" என்றார் அவர்.

நான் காட்டவில்லை. படை திரண்டு நிற்கிறதே என்ற நிம்மதியில் வீட்டுக்கு வந்து, அன்று மட்டும் இரண்டு தட்டுச் சோறு தின்றேன். அந்தச் சோற்றை இன்றைக்கு நினைத்தாலும் தொண்டையில் நிற்கிறது.

ஏனென்றால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான். உடம்பில் ஓரிடத்தில் காயம் பட்டால், அங்கே சிதைந்த அணுக்களிலிருந்தும் புகுந்த கிருமிகளிலிருந்தும் சில ரசாயனங்கள் கசிகின்றன. அவைதான் அழைப்பு. பக்கத்து ரத்தக்குழாயின் உட்சுவருக்கு அந்தச் சேதி போனதும் சுவர் பசைபிடித்ததுபோல ஆகிவிடுகிறது. ரத்தத்தோடு வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணு அங்கே வந்ததும் தடுமாறுகிறது, சுவரையொட்டி உருளுகிறது, பிறகு பிடித்து நிற்கிறது. நின்று தட்டையாகி, சுவரின் இடுக்கு வழியே நுழைந்து வெளியே வருகிறது. வந்தபின் ரசாயனம் எந்தப் பக்கம் அடர்த்தியோ அந்தப் பக்கமாக ஊர்ந்துபோகிறது. கிருமியைத் தின்கிறது, செத்துவிழுகிறது. அப்படிச் செத்துவிழுந்த கூட்டம்தான் சீழ். சீழ் இருக்கிறதென்றால் அழைத்த இடத்துக்கு ஆள் வந்து சேர்ந்தது என்று அர்த்தம். ரத்தத்தில் இவ்வளவு கூட்டம் நிற்கும்போது, சிவந்துகிடக்கும் தொப்புளில் ஒரு பொட்டுச் சீழ்கூட ஏன் இல்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். வந்திருக்கும் படையை எண்ணத் தெரிந்தவளுக்கு, அது எங்கே போகாமல் நிற்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் மருத்துவரே கொடியைக் கத்தரித்து, மஞ்சள் நிறக் கழிவுப் பையில் போட்டார். அத்தை அவசரமாகக் கையை நீட்டி, "அதக் குடுங்க" என்றார். நர்ஸ் தரமாட்டேன் என்றாள். விதி அப்படி, எங்கள் லேபிலும் அதே விதிதான். நானும் "விடுங்க அத்தை" என்றேன். வீட்டுக்கு வந்து அவர் வெறும் தாயத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். அதன் மூடியைக்கூட மூடவில்லை.

மூன்றாம் மாதம் தொடையில் ஒரு புண் வந்தது. கொப்புளமாகி உடையவில்லை, பழுக்கவும் இல்லை. கருத்து, ஓரம் ஓரமாக அரித்துக்கொண்டு அகலமானது. காய்ச்சல் நூற்றிமூன்றுக்கு ஏறியதும் கோயமுத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே சேர்க்கும்போது ஒரு இளம் மருத்துவர் பாரத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். சொந்தத்தில் கல்யாணமா? ஆமாம். குடும்பத்தில் சின்ன வயதிலேயே குழந்தைகள் யாராவது இறந்திருக்கிறார்களா? எனக்குத் தெரிந்து இல்லை என்று நான் அத்தையைப் பார்த்தேன்.

"இல்லீங்க டாக்டர்" என்றார் அத்தை. "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

எவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அந்த இளம் டாக்டர் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள், காய்ச்சல் இறங்கியது, ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆப்பிள் பையோடு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை, "ஒண்ணுமில்லீங்க, சூட்டுக் கட்டியாட்டந்தான்" என்றார்.

ஐந்தாம் மாதம் மறுபடி சேர்த்தோம். இம்முறை பார்த்தவர் ஒரு அம்மா, நடுவயது, குரலை உயர்த்தாதவர். என் பழைய ரிப்போர்ட்டையெல்லாம் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தார். புண்ணைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதுவரை யாரும் கேட்காதது. "தொப்புள் கொடி எப்ப விழுந்தது?"

"விழலீங்க மேடம். முப்பத்தெட்டாம் நாள் வெட்டினாங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே ரத்தம் வெளியூருக்குப் போனது. முடிவு வருமுன்பே அவருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். முடிவு வந்தபிறகு என்னையும் மாமாவையும் உட்கார வைத்துச் சொன்னார். நான் லேபில் இருப்பவள் என்பதால் எனக்கு வேறு மாதிரியும், மாமாவுக்காக இப்படியும். "டவுன் பஸ்ல போறீங்க. உங்க ஸ்டாப் வருது, இறங்கணும்னு உங்களுக்குத் தெரியுது, படிக்கட்டு வரைக்கும் வந்துட்டீங்க. பிடிக்கக் கம்பி இல்லைன்னா? தள்ளிக்கிட்டுப் போயிரும்ல. உங்க குழந்தையோட வெள்ளணுவுக்கு அந்தக் கம்பியைப் பிடிக்கிற கை இல்லை. கூப்பிடறது கேக்குது, பக்கத்துல வருது, உருளுது. நிக்க முடியலை. ரத்தத்தோட போயிருது. புண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், எலும்பு மஜ்ஜை புதுசு புதுசா அனுப்பிக்கிட்டே இருக்கும். அதனாலதான் எண்ணிக்கை அவ்வளவு."

மாமா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறொருவரின் மஜ்ஜையை மாற்றிவைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு என்றார். இது பிறவியிலேயே வரும் குறை, தாய் தகப்பன் இருவரிடமும் மறைந்திருந்து பிள்ளையிடம் சேர்வது. எங்கள் இருவரிடமும் அது இருக்கிறது. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா, தொடையில புண் வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம்" என்றும் சொன்னார். பழி சொல்லும் குரலில் அல்ல, வேலைக் கணக்காகத்தான் சொன்னார்.

அன்று அப்பா வந்திருந்தார். நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். மருத்துவமனைக் கேன்டீனில் எதிரே உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே கேட்டவர், ஆற்றிய டீயைக் குடிக்கவே இல்லை.

"உங்கத்தைக்கு மூத்தது ரெண்டு பசங்க இருந்தானுங்க கண்ணு" என்றார். "உன்ர மாமனுக்கு மூத்தவனுங்க. ரெண்டும் வருசம் திரும்பறதுக்குள்ள போயிருச்சு. ரெண்டுக்குமே கொடி உழுகவே இல்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கேன்டீன் சத்தமெல்லாம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது.

"உங்களுக்குத் தெரியுமுங்களாப்பா? என்னைக் கட்டிக்குடுக்கறப்பவே தெரியுமுங்களா?"

"அக்கா கேட்டுப்போட்டாங்க கண்ணு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது. அம்மையில போச்சுன்னுதான் அன்னைக்கெல்லாம் சொல்லிக்குவோம். காடு தோட்டம் வெளிய போகாம இருக்கோணும்னு..." அதற்குமேல் அவரால் முடியவில்லை. அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அவரைத் தொடத் தோன்றவில்லை. டீ டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவுமிடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அப்போதுதான் அத்தையின் காலைக் கேள்வி எனக்கு வேறு மாதிரி கேட்டது. உழுந்துச்சா கண்ணு, உழுந்துச்சா கண்ணு என்று கேட்டாரே, அது ஆசை இல்லை. முன்பே இரண்டு முறை நாள் எண்ணியவர், மூன்றாம் முறையும் எண்ணியிருக்கிறார். பத்தாம் நாளிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே சீழ் பிடிக்காத ரத்தம் என்று பெருமை பேசியிருக்கிறார், டாக்டரிடம் ஒண்ணுமில்லீங்க என்றிருக்கிறார். இந்தப் பேச்சையெல்லாம் அவர் யாரிடம் பேசினார் என்று யோசித்தால், அவருக்கே சொல்லிக்கொண்டார் போலிருக்கிறது. அது எனக்குப் பிறகு தோன்றியது. அன்றைக்குத் தோன்றியதெல்லாம் கோபம் மட்டும்தான்.

மஜ்ஜை பொருந்த வேண்டுமே. உடன்பிறந்தது இல்லை. எங்கள் இருவருடையதும் பொருந்தவில்லை. "நீங்க தலைமுறை தலைமுறையா சொந்தத்துலயே கட்டியிருக்கீங்க. சொந்தக்காரங்கள்ல யாருக்காவது பொருந்த வாய்ப்பு அதிகம், எல்லாரையும் வரச்சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. ஊசிகூட வேண்டாம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். கீழ்த்தளத்தில் ஏழாம் நம்பர் அறை.

போன் எடுத்தேன். அந்தியூர் பக்கம் சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு, மாமாவின் பங்காளிகள், என் நாத்தனார். ஒருவர் விடாமல் கூப்பிட்டேன். ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. "வாரேனுங்க அம்மணி. இதென்ன கேட்டுக்கிட்டு, நம்ம புள்ளையல்லவா, வாரேன்" என்றார்கள். வந்தார்கள். அதுதான் வேடிக்கை. வராமல் இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது சுலபமாக இருந்திருக்கும்.

கார் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆப்பிள், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ். ஐந்து மாதக் குழந்தைக்கு ஹார்லிக்ஸ். கட்டிலைச் சுற்றி நின்று, பிள்ளையின் பாதத்தைத் தொட்டு, "ஆகுமுங்க, எல்லாஞ் சரியாப்போயிருமுங்க" என்றார்கள். மாமாவின் தோளைத் தட்டினார்கள். கேன்டீனில் காபி குடித்தார்கள். நான் ஏழாம் நம்பர் அறையைச் சொல்லும்போதெல்லாம், "போற வழியில எட்டிப்பார்த்துட்டுப் போறோமுங்க" என்பார்கள். சாயங்காலம் நான் இறங்கிப்போய்க் கேட்டால், அந்த அறைப் பெண் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் யாரும் வரலைங்க மேடம்" என்பாள். கட்டில் வரைக்கும் வந்தவர்களுக்கு ஒரு மாடி இறங்க முடியவில்லை. டாக்டரம்மா சொன்ன பஸ்ஸும் கம்பியும் எனக்கு அப்போது நினைவுக்கு வராமல் இல்லை. என் பிள்ளையின் அணுக்களுக்காவது கை இல்லை என்று ஒரு காரணம் இருந்தது.

ஏன் என்று தெரியும். அந்த ஊர்களில் எல்லா வீட்டிலும் வரன் பார்க்கிற வயதில் ஒன்று இருக்கிறது. டெஸ்ட் எடுத்தார்கள் என்று தெரிந்தால் ஜாதகம் திரும்பி வந்துவிடும். இந்தத் தேய்ப்பில் பொருத்தம் மட்டும்தான் தெரியும், வியாதி தெரியாது என்று தொண்டை வற்றச் சொன்னேன். நாத்தனாரைத் தனியாக அழைத்துக்கொண்டுபோய், கையைப் பிடித்துக் கேட்டேன். அவருக்கு மூன்று வயதில் ஒரு மகன் இருந்தான். அவர் அழுதார்.

"எங்கூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னைய வெச்சுப் பொழைக்கமாட்டாங்க அண்ணி. எனக்கும் ஒரு பையன் இருக்கறான், நாளைக்கு அவனுக்குப் பொண்ணு கட்டோணும். நீங்க படிச்சவீங்க, உங்களுக்குத் தெரியாததா."

படித்தவள்தான். அதனால் என்ன ஆயிற்று. நான் அவர் கையை விட்டுவிட்டேன். அத்தை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மகளிடம், போய் டெஸ்ட் எடுத்துக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வந்து இறங்கியவர்கள் இரண்டு பேர் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஏழாம் மாதம் நிலைமை மோசமானபோது, அடுத்தவரின் வெள்ளணுக்களையாவது ஏற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அதற்குச் சொந்தம் வேண்டியதில்லை, ரத்த வகை பொருந்தினால் போதும். முந்தின நாளே வெள்ளணு பெருக ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் இரண்டு மூன்று மணி நேரம் மெஷினில் கையை நீட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். கோட்டைமேட்டு அண்ணா கேட்டவுடன் வந்தார், தம்பியையும் கூட்டிவந்தார். ஊசிக்கு அவருக்கு எலும்பெல்லாம் வலித்தது. "வலிக்குதுங்களாண்ணா" என்றதற்கு, "வலிக்காம என்னம்மா, வலிக்கத்தான் செய்யும்" என்றார். ஒண்ணுமில்லை என்று சொல்லாத ஒரு ஆளைப் பார்த்ததே எனக்கு அன்று பெரிய ஆறுதலாக இருந்தது.

அவருடைய அணுக்கள் உள்ளே போன மறுநாள், தொடைப் புண்ணின் ஓரத்தில் வெளுப்பாக ஈரம் கசிந்தது. நான் அதைக் கண்ணாடிச் சில்லில் எடுத்து, அங்கிருந்த லேபில் கெஞ்சிக் கேட்டு, சாயம் போட்டுப் பார்த்தேன். இருந்தன. கொஞ்சமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக, கடன் வாங்கிய அணுக்கள். அவை ஒரு நாள் வாழ்கிறவை. அதற்குமேல் அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

எட்டாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நடுப்பகல் என் மகன் போனான். கிருமி ரத்தம் முழுக்கப் பரவிவிட்டது. கடைசி ரிப்போர்ட்டில்கூட வெள்ளணு எண்ணிக்கை உச்சத்தில்தான் இருந்தது. அடக்கத்துக்கு எல்லோரும் வந்தார்கள், ஒருவர் பாக்கியில்லை. தோட்டத்து ஓரத்தில் குழி தோண்டும்போது யாரோ யாரிடமோ, "அம்மையாட்ட இருக்குதுங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. என் மகனும் அம்மையில் போனவனாகிவிட்டான்.

இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். வயிற்றில் இருக்கும்போதே பரிசோதித்தோம். குழந்தைக்கு அந்தக் குறை இல்லை என்று தாள் சொன்னது. நாள் முழுக்கத் தாள் அடித்துத் தருகிறவளுக்குத் தாளில் நம்பிக்கை வராது. கொடி எட்டாம் நாள் விழுந்தது. அத்தை அந்தப் பழைய தாயத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தார். "அது அவனோடதுங்க அத்தை" என்றேன். அவர் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு தாயத்து நான் வாங்கவில்லை.

பதினோராம் மாதம் குலதெய்வம் கோவிலில் மொட்டையடித்துக் காது குத்தினோம். தாய்மாமன் முறைக்குச் சித்தப்பா மகன் மடியில் உட்காரவைத்தார்கள். பஞ்சுக்குச்சிக்கு வாயைத் திறக்காதவன், மடியை மட்டும் நன்றாக விரித்து உட்கார்ந்திருந்தான். மகள் வீறிட்டு அழுதாள். நாத்தனார் தன் மகனைத் தூக்கிக் காட்டி, "அழுகாத கண்ணு, பாரு, உன்ர மாப்பிள்ளை வந்திருக்கறான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்துட்டு அப்புறம் பேசிக்கலாங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படியாக. சிரிப்பு நின்றது. பிறகு யாரோ பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று கேட்டார்கள், எல்லோரும் எழுந்து போனார்கள்.

நான்காம் நாள் காலையில் மகளின் வலது காது மடல் சிவந்து வீங்கியிருந்தது. அத்தைதான் முதலில் பார்த்தார். கம்மலைச் சுற்றி மஞ்சளாக ஒரு துளி நின்றது. வேறு எந்த வீடாக இருந்தாலும் அலறியடித்துக்கொண்டு மருந்து தேடியிருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் அந்தத் துளியைப் பார்த்தபடி நின்றோம். பஞ்சில் ஒற்றி ஒரு சில்லில் தடவி, கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சாயம் போட்டு வைத்துப் பார்த்தேன். வெள்ளணுக்கள் இடமே இல்லாமல் கிடந்தன. உருவம் குலைந்து, வயிற்றில் கிருமியோடு, ஒன்றன்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. கூப்பிட்டிருக்கிறது, வந்திருக்கின்றன. எத்தனை வருடமாக எத்தனை பேரின் சீழை மூக்கைச் சுளித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அன்று நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கோட்டைமேட்டு அண்ணா குனிந்து பார்த்துவிட்டு, "யாரோடதும்மா?" என்றார். சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வந்திருக்குதா கண்ணு?"

"வந்திருக்குதுங்க அத்தை. நெறைய வந்திருக்குது."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். "என்ர ரெண்டு பசங்களுக்கும் ஒரு சொட்டுக்கூட வர்ல கண்ணு" என்றார். "தெனமும் பஞ்சு வெச்சு வெச்சுப் பார்த்தேன். பஞ்சு வெள்ளையாவே இருந்துச்சு."

இந்த வாக்கியத்துக்காக நான் மூன்று வருடம் காத்திருந்தேன். அது கிடைத்தபோது என் கையில் அதற்கு ஒரு உபயோகமும் இல்லை. அவர்மேல் இரக்கம் வந்தது உண்மை. மன்னிக்க வரவில்லை என்பதும் உண்மை.

"இதை அன்னைக்கு டாக்டர் கேட்டப்பச் சொல்லியிருக்கலாமுங்களே அத்தை" என்றேன்.

நான் உள்ளே போய் மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, வெந்நீரில் பஞ்சை நனைத்துக் காதைத் துடைத்தேன். துடைத்த இடத்தில் மறுபடியும் மஞ்சளாகக் கசிந்தது. அத்தை எழுந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த பஞ்சை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.